நான் அழுததற்கு விளக்கம்

சுரக்குடி,
செவ்வாய்க்கிழமை காலை.

உயிரோடும் கோபத்தோடும் இருக்கும் சிவப்ரியாவுக்கு, உயிரோடும் வெட்கத்தோடும் இருக்கும் ராஜ்மோகன் எழுதுவது.

நானும் தேவிகாவும் நலம். பூவத்தில் உன் அம்மா அப்பா நலம். ஊரும் நலம்தான், இரண்டு நாளாகச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்பதைத் தவிர.

“இனிமே போன்ல ஒரு வார்த்தை பேசாதீங்க, என்ன நடந்துச்சுன்னு எழுத்துல வரட்டும்” என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பதினெட்டு வருட அலுவலக வாழ்க்கையில் எனக்கு ஒரு மெமோ வந்ததில்லை. முதல் மெமோ ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் தேவிகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமைக்குள் நீ அங்கே பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் இருக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாயா, ஊருக்குத் திரும்புகிறாயா என்று உன் முதியோர் இல்லத்தில் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமையும் நீ என்னைக் கேட்டாய். நான் வழக்கம்போல் “உன் இஷ்டம்” என்றேன். நீ “சரி, ட்யூட்டிக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டாய். நான் சொன்னது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். உண்மையான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் விளக்கம் முதலில், பதில் பிறகு.

விளக்கத்துக்கும் முன்னால், போன கடிதத்துக்குப் பிறகு பார்த்த படங்களைச் சொல்லிவிடுகிறேன். திட்டாதே. போனில் சொன்னால் முடிவை முதலில் உளறிவிடுகிறேன், எழுதினால்தான் ஒழுங்காகக் கதை வருகிறது என்று எழுதச் சொன்னவளே நீதான்.

காரைக்காலில் இப்ராஹிமோடு ஒரு கண்டக்டர் படம் பார்த்தேன். ஒரு டவுன் பஸ் கண்டக்டர். தினமும் காலையில் ஒரு வாய் பேசாத அம்மாள் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறாள். எதற்காக என்று அவனுக்குப் புரியவில்லை. நமக்கு அரை மணி நேரத்திலேயே புரிந்துவிடுகிறது, அவனைப் பெற்றுத் தத்துக் கொடுத்தவள் அவள் என்று. ஒருநாள் கூட்டத்தில் அவன் நிற்க முடியாமல் தள்ளாடுகிறான். அந்த அம்மாள் எழுந்து தன் இடத்தைக் கொடுக்கிறாள். அவன் உட்கார மாட்டேன் என்கிறான். அவள் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைக்கிறாள். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். நம் அளவுகோல் உனக்குத் தெரியும்: கண் கலங்கல், கைக்குட்டை, துண்டு. இது துண்டு. இப்ராஹிம் தியேட்டரில் என் பக்கத்தில் உட்காராமல் இரண்டு சீட் தள்ளி உட்காருகிறார். “ஆபீஸ்ல நாளைக்கு மூஞ்ச பாக்கணும்ல” என்கிறார்.

அடுத்தது ஓர் ஆவணப்படம். எங்கோ மலைமேல் ஒரு ரயில்வே கேட். அதைப் பார்த்துக்கொள்கிற இரண்டு வயதான அக்கா தங்கை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரயில். அது வருகிற நேரத்துக்கு இரண்டு பேரும் தலைவாரி, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டு நிற்கிறார்கள். ரயிலில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. கையாட்டுகிறார்கள். சில நாள் யாரும் திரும்பக் கையாட்டுவதில்லை. அன்றைக்கு அக்கா, “எல்லாரும் தூங்குறாங்க போல” என்கிறாள். இதில் சோகமே கிடையாது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இதற்கு நம் அளவுகோலில் இடம் இல்லை, புதிதாக ஒன்று யோசி.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தேவிகா சனிக்கிழமையே பூவம் போய்விட்டாள். நான் குளித்து, இட்லி சாப்பிட்டு, எட்டரை மணிக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொல்லைப் பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருந்தது. அந்தச் சத்தத்தில் டிவி கேட்காது என்று போனிலேயே படத்தைப் போட்டுக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டேன். போனை நிறுத்தி வைக்க ஏதாவது முட்டு வேண்டும். மேஜைமேல் நம் கல்யாணப் போட்டோ இருந்தது. அதில் சாய்த்து வைத்தேன். விசாரணை செய்பவர்கள் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளவும்: காதில் இயர்போன், எதிரே உன் போட்டோ.

படம் ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றியது. உன் நாடு இல்லை, அதற்கும் வடக்கே, ஜன்னல் பாதி வரை பனி மூடிக் கிடக்கிற ஊர். நீ போனதிலிருந்து பனி என்று போட்டிருந்தாலே நான் பார்த்துவிடுகிறேன். அதில் ஒரு நர்ஸ். உன் வயதுதான் இருக்கும். படகு இயந்திரம் பழுது பார்த்த ஒரு கிழவர் அவளிடம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி என்ன என்று கேட்கிறார். தம்பி வருவான் என்று காத்திருக்கிறார். தம்பி செத்து முப்பது வருடம் ஆகிறது. அவள் ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டதுபோல் மணி சொல்கிறாள். ஒரு தடவை கூடச் சலித்துக்கொள்ளவில்லை.

ஒரு விடியற்காலையில் கிழவருக்கு மூச்சு இழுக்கிறது. அவள் வேலை முடிந்து, கோட்டு போட்டு, பையைத் தோளில் மாட்டிவிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். அவர் போன பிறகு தலையை வாரிவிடுகிறாள். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போடுகிறாள். ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். அப்புறம் கீழ்த்தளத்தில் உடை மாற்றுகிற அறைக்குப் போய், தன் லாக்கருக்கு எதிரே பெஞ்சில் உட்காருகிறாள். காமிரா உள்ளே போகவில்லை, வாசலிலேயே நிற்கிறது. அவள் முதுகு மட்டும் தெரிகிறது. தோள் குலுங்குகிறது. ஒரு முழு நிமிடம். யாரும் வரவில்லை. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

நான் கத்திவிட்டேன் சிவப்ரியா. “யாருமே பக்கத்துல இல்லையேம்மா, இப்படித் தனியா விட்டுட்டமேம்மா” என்று வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொள்ளாத குறையாக அழுதேன். மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். ஆனால் மெஷின் டிரைவர் டீ குடிக்க மெஷினை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். இயர்போன் மாட்டியிருந்த எனக்கு அது தெரியாது. தெரு முழுக்கக் கேட்டது என் குரல் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு அமுதம் அக்கா ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறார். ஜன்னல் என் முதுகுப் பக்கம். அவருக்குத் தெரிந்தது தலையில் கைவைத்துக் குலுங்குகிற நானும், என் தோளுக்கு மேலே உன் முகமும். போன் என் முதுகு மறைவில் இருக்கிறது. அக்கா கூப்பிட்டதாகச் சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அவர் நேரே தெருவில் இறங்கி, “நம்ம சிவப்ரியா போயிட்டாளே!” என்று ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த இருபது நிமிடத்தில் நம் தெரு செய்த வேலையை எந்த அரசு இலாகாவும் செய்யாது. பந்தல் கருப்பையன் அண்ணன் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, வாசலில் பந்தலும் கட்டிவிட்டார். டீ கேன் வந்துவிட்டது. பூவத்துக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள். திருநள்ளாற்றில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் சிவநாதன், துக்கத்தில் கை சும்மா இருக்காமல், உன் படத்தைப் போட்டு இரண்டு புறா, ஒரு குத்துவிளக்கு, “கண்ணீர் அஞ்சலி” என்று வடிவமைத்து வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்டான். ராத்திரி ட்யூட்டி முடிந்து போனை எடுத்த நீ முதலில் பார்த்தது அதைத்தான் என்று அறிந்து தலைகுனிகிறேன். வயதை நாற்பத்தொன்று என்று போட்டது முழுக்க முழுக்க அவன் தவறு. முப்பத்தெட்டுதான் என்று எனக்குத் தெரியும். அவனைக் கண்டித்துவிட்டேன்.

படம் முடிந்து, முகம் கழுவலாம் என்று கதவைத் திறந்தேன். வாசல் நிறைய ஜனம். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். என்னைப் பார்த்ததும் அழுகை இரண்டு மடங்காகிவிட்டது. தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். யார் என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுகிறார்கள். அமுதம் அக்கா கட்டிப்பிடித்துக் கதறியதால், அவர் வீட்டுக்காரர்தான் போய்விட்டார் என்று முடிவு செய்து நானும் சேர்ந்து அழுதேன். எனக்குத்தான் ஏற்கெனவே ஊறியிருந்ததே, தயக்கமில்லாமல் வந்தது. அப்படி அழுதுகொண்டிருந்தபோது, அந்த மனிதரே எனக்கு டீ கொண்டுவந்து நீட்டினார்.

அப்போது இப்ராஹிம் ஸ்கூட்டரில் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். என் தோளைப் பிடித்து, “தைரியமா இருங்க ராஜ்மோகன். அங்கேருந்து எப்ப கொண்டாராங்க? ஏர்போர்ட்டுக்கு நான் வர்றேன்” என்றார். எதை என்று கேட்டேன். அவர் உள்ளே மேஜைமேல் இருந்த உன் போட்டோவைப் பார்த்தார்.

என் அழுகையிலிருந்து கிளம்பிய செய்தி தெருவைச் சுற்றிவிட்டு என்னிடமே வந்து நின்றது. அது என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேர் அழுகிறார்கள், எனக்குத் தெரியாமல் ஊருக்குச் செய்தி வந்திருக்கிறது என்றே நம்பினேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவேயில்லை.

ஒரு பத்து நிமிடம் இருக்கும். எத்தனை படம் பார்த்து எவ்வளவு அழுதிருக்கிறேன்! அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நான் உன்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை “உன் இஷ்டம்”. பதினாலு வருடம் குடித்தனம் நடத்தியவன் பெண்டாட்டிக்குக் கடைசியாகச் சொன்னது அதுதானா என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கருப்பையன் அண்ணன்தான் காப்பாற்றினார். பந்தல்காரர் அல்லவா, எல்லாச் சாவிலும் பந்தல் போட்டதும் அவர் கேட்பது, எங்கிருந்து தகவல், எத்தனை மணிக்கு எடுப்பு என்பதுதான். யாருக்குப் போன் வந்தது என்று கேட்டார். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். அவர் மற்றொருவரைக் காட்டினார். கடைசியில் எல்லா விரலும் அமுதம் அக்காவிடம் போய் நின்றன. அக்கா மூக்கைச் சிந்திவிட்டு என்னைக் காட்டி, “அவன்தான அழுதான்! யாருமே பக்கத்துல இல்லையேம்மான்னு போட்டோவப் பாத்து கதறுனான்ல!” என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். “அக்கா, அது படம்க்கா” என்றேன்.

பிறகு நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. முதலில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். அவ்வளவுதான், நாற்பது நாற்காலியும் சிரித்தது. அமுதம் அக்கா புடவைத் தலைப்பால் என்னை அடித்துக்கொண்டே சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. பொய்யாகச் சாவுச் செய்தி பரவினால் ஆயுசு கூடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்குப்படி உனக்கு இப்போது நூற்றிருபது வயது வரை உத்தரவாதம்.

இந்தக் கூத்தின் நடுவில்தான் பூவத்திலிருந்து ஆட்டோ வந்தது. உன் அம்மா உன் அப்பாவிடமும் தேவிகாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லி அவளைக் கூட்டி வந்திருக்கிறார். குழந்தை பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காக வழி முழுக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “என் பொண்ணு எங்க மாப்ள?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நான் சொன்னதும், மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு என் முன்னால் உட்காரக்கூட மாட்டாரே, அந்தப் பங்கஜவல்லி அம்மாள், என் தோளில் ஓங்கி இரண்டு வைத்தார். அப்புறம் தேவிகாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டியவன்தான்.

ஏனென்றால் இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு மாதமாக உன் அம்மா தினமும் போன் போட்டு, போதும் வந்துவிடு, வந்துவிடு என்று உன்னைப் படுத்தினாரே, அவரை ஏவிவிட்டது நான்தான். உன்னிடம் உன் இஷ்டம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் அத்தையிடம், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள் என்று முடுக்கிவிட்டேன். நல்லவன் பெயரும் வேண்டும், நீயும் திரும்பி வர வேண்டும். அது கோழைத்தனம். மன்னித்துக்கொள்.

அழுகையெல்லாம் ஓய்ந்ததும் அமுதம் அக்கா, “அப்படி என்னதான்ப்பா பாத்த, எங்களுக்கும் போட்டுக் காட்டு” என்றார். நாற்காலி இருக்கிறது, பந்தல் நிழல் இருக்கிறது, டீ இருக்கிறது. கருப்பையன் அண்ணனே டிவியைத் தூக்கி வந்து வாசல் நடையில் வைத்து, பக்கத்தில் துப்பட்டி கட்டி வெயிலை மறைத்தார். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். அடியில் தமிழ் எழுத்து வராத படம். அதனால் நான் டிவி பக்கத்தில் நின்று கிழவர், நர்ஸ், டாக்டர் எல்லாருக்கும் நானே பேசினேன். போனை டிவியோடு இணைத்து, வழக்கப்படி நடுவில் அழைப்பு வராதபடி போட்டுவிட்டேன். நீ அப்போதுதான் வேலை முடிந்து அஞ்சலியைப் பார்த்துவிட்டு வரிசையாக ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாய். உன் அம்மா போனைப் பூவத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கடைசியில் நீ கருப்பையன் அண்ணனுக்குப் போட, அவர், “படம் ஓடிக்கிட்டிருக்கும்மா, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு கூப்புடு” என்று வைத்துவிட்டார். கிழவர் மூச்சு இழுக்கிற இடம். அந்த இடத்தில் அவரை யார் கூப்பிட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். அவர் மேல் கோபப்படாதே. எத்தனையோ சாவு வீட்டில் கல்லுமாதிரி நின்று நாற்காலி எண்ணுகிற மனிதர், அந்தப் படத்தில் நான்கு தடவை அழுதார். தேவிகா ஒரு தாளில் பெயர் எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அமுதம் அக்கா ஏழு. இப்ராஹிம் கண்ணாடியைத் துடைத்தது இரண்டு, அழுகை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

உன் அம்மா அழவில்லை. முன் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஒரு கிழவிக்குக் கால் நகம் வெட்டிவிடுகிற காட்சியில், “நம்ம பொண்ணும் இதத்தான் செய்யுதா?” என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். “வீட்ல ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்க மாட்டா” என்றார். 

முடிந்ததும் எல்லாரும் கலைந்தார்கள். வந்திருந்த நான்கு மாலையையும் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று உன் அம்மா வாய்க்காலில் விடச் சொன்னார். உன் போட்டோவுக்கும் தேவிகாவுக்கும் திருஷ்டி சுற்றிப் போட்டார். அப்போதுதான் சொன்னார், ஆட்டோவில் வரும்போது அம்பகரத்தூர் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம்: செய்தி பொய்யாக இருந்தால் உன்னையே நேரில் கூட்டிவந்து மாவிளக்கு போடுகிறேன் என்று. சரி, இனி உன்னை வரச்சொல்ல அம்மனே கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அம்மன் காத்திருப்பா மாப்ள, ரெண்டு வருஷம் அவளுக்கு ஒண்ணும் பெரிசில்ல. அந்தக் கெழடுங்க காத்திருக்காது. இருந்து பாத்துட்டு வரட்டும்.” சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். அங்கே அழுதாரா என்று தேவிகா கணக்கில் இல்லை.

இனி என் பதில்.

நீ வந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. இதை மறைத்துத்தான் இத்தனை குழப்பமும் செய்தேன். காலையில் இரண்டு பேருக்கு மட்டும் டீ போடுவது எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் பொங்கலன்று நீ போனில் அந்த ரோஸா கிழவியைப் பற்றிச் சொன்னாய். எட்டு மாதமாகப் பேசாதவள், நீ தலை துவட்டும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள் என்று. சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா? தேவிகா முதல் அடி வைத்த அன்று கேட்ட குரல். நான் என்ன செய்தேன்? நடுவில் புகுந்து, புதுப்பட ட்ரெய்லர் வந்திருக்கிறது பார்த்தாயா என்று கேட்டேன். யாரோ முன்பின் தெரியாத ஊர் நர்ஸுக்காகத் தெருவே கூடுகிற அளவுக்கு அழுகிறவன், என் வீட்டு நர்ஸ் சொன்ன கதையை முழுசாகக் கேட்கவில்லை.

அதனால் கையெழுத்துப் போடு. இது உன் இஷ்டம் மட்டும் இல்லை, என் இஷ்டமும்தான். நேற்று எனக்கும் தேவிகாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். விமானம் என்றால் எனக்குப் பயம் என்பது உனக்குத் தெரியும். இருக்கட்டும். மே மாத விடுமுறையில் வருகிறோம். ரோஸா பாட்டிக்கு என்ன கொண்டுவரலாம் என்று எழுது. ஸ்வெட்டர் எல்லாம் வாங்க வேண்டுமாமே, அதையும் எழுது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதை அரிக்கிறது. நான் ஒரு படத்துக்கு அழுதேன். இருபது நிமிடத்தில் பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, கட்டிப்பிடிக்க எத்தனையோ கைகள் வந்தன. அந்த நர்ஸ் லாக்கருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு நிமிடத்தில் யாருமே வரவில்லை. இந்த இரண்டு வருடத்தில் உனக்கு அப்படி எத்தனை நிமிடம் இருந்தது சிவப்ரியா? தியேட்டரில் நீ அழுவதே இல்லை, கல்நெஞ்சுக்காரி என்று உன்னை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். நீ எங்கே அழுவாய் என்று ஒரு தடவை கூட யோசித்ததில்லை.

இனிமேல் அப்படி ஒரு நிமிடம் வந்தால், முகம் கழுவப் போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு. இங்கே எத்தனை மணி என்று பார்க்காதே. நான் படக்கதை சொல்ல மாட்டேன். அழாதே என்றும் சொல்ல மாட்டேன். நீ அழுது முடிக்கிற வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்
ராஜ்மோகன்